சிறப்பு உணவுப் பயணி

மார்ச் 2, ஞாயிறு

கப்பல் நிறுவனம் அனுப்பிய பயண விதிகளை இன்று முழுமையாகப் படித்து முடித்தேன். பணி ஓய்வு பெற்றுவிட்டாலும், பிறர் கையெழுத்திடும் ஒப்பந்தங்களை வரி வரியாகப் பார்த்துக் கொடுத்த பழக்கம் போகவில்லை. உணவுக்கூடத்துக்கென்று மட்டும் தனி அத்தியாயம் இருக்கிறது. இரவு உணவுக்கு அரைக்கால் சட்டை கூடாது. ஒதுக்கப்பட்ட மேசை பயணம் முடியும்வரை மாறாது. உடல்நிலை காரணமாகச் சிறப்பு உணவு வேண்டுவோர் முன்னரே அறிவிக்க வேண்டும்.

மனைவிக்குச் சென்ற ஆண்டு சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டது. "கொஞ்சம் பாத்துக்கங்கம்மா" என்றார் மருத்துவர். 'கொஞ்சம்' என்பதற்கு வரையறை ஏதும் தரவில்லை. வரையறை இல்லாத இடத்தில் கடுமையான பொருளைக் கொள்வதே பாதுகாப்பு. ஆகவே அவள் பெயரில் அறிவித்துவிட்டேன்: இனிப்பு கிடையாது, உப்பு குறைவு, பொரித்தது கிடையாது. அவள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அழைத்துச் சொல்லுமளவுக்கு அது பெரிய செய்தியாகத் தோன்றவில்லை.

இந்தப் பயணமே அவளுடைய ஆசைதான். கடல், தீவு எதுவும் அவளுக்கு முக்கியமில்லை. "ஒரு வாரம் அடுப்பு மூஞ்சில முழிக்கக் கூடாது. யாராவது எங்கிட்ட வந்து, உனக்கு என்ன வேணும்னு கேட்டு, அதைக் கொண்டுவந்து வெக்கணும். அவ்வளவுதான்" என்று முன்பதிவு செய்த அன்றே சொல்லிவிட்டாள்.

மார்ச் 4, செவ்வாய்

கப்பல் ஏறியாயிற்று. அறை சிறியது, சுத்தமானது. மேசை நால்வருக்கானது. எதிரே ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவரும் அவர் கணவரும். கணவர் ரயில் ஓட்டியவராம். வார்த்தைகளைச் சிக்கனமாகச் செலவழிக்கிறார். அவருக்கும் சேர்த்து அந்த அம்மாள் பேசிவிடுகிறார். உட்கார்ந்த மாத்திரத்தில் என் மனைவி அவருக்குத் 'தங்கச்சி' ஆகிவிட்டாள். நான் 'வக்கீல் சார்'.

வெயிட்டர் மூன்று மெனு அட்டைகளைக் கொடுத்தார். மனைவிக்குக் கொடுக்கவில்லை. அவள் கை நீட்டியபடியே இருந்தாள். சிறப்பு உணவுப் பயணிகளுக்கு மேசையில் அட்டை கிடையாது என்று அவர் பணிவாக விளக்கினார். அவர்களுடைய சமையல் வேறு அடுப்பில் நடக்கிறது. மறுநாள் உணவை முதல் நாளே குறித்துக் கொடுத்துவிட வேண்டும். இன்றைக்கு உரியதை அலுவலகமே முடிவு செய்துவிட்டது.

வேறு அடுப்பு என்பதால் அவள் தட்டு கடைசியில்தான் வருகிறது. எல்லோருக்கும் தட்டு வரும்வரை யாரும் கரண்டியைத் தொடக்கூடாது என்பது மேசை மரியாதை. மூன்று பேர் சூப்பை முன்னால் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். மனைவி மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"எனக்காக உக்காந்திருக்காதீங்க, ஆரம்பிங்க" என்றாள்.

"ஆறிப்போன சூப்பு எனக்குப் புதுசா தங்கச்சி? சர்வீஸ் பூரா ஆஸ்பத்திரியில அதைத்தானே குடிச்சேன். சூடா இருந்தாதான் எனக்கு வயித்தைக் கலக்கும்" என்றார் செவிலியர்.

மனைவி சிரித்தாள். பிறகு அவளுடைய தட்டு வந்தது: வேகவைத்த காய், வேகவைத்த கோழி, ஓரத்தில் எலுமிச்சைத் துண்டு.

திரும்பும் வழியில், லிஃப்டுக்கு முன்னால் நின்றுகொண்டு, எழுதிக் கொடுத்தது நானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். காரணங்களை வரிசையாகச் சொன்னேன். லிஃப்ட் பொத்தானை இன்னொரு முறை அழுத்தினாள்.

மார்ச் 5, புதன்

நாளைய மெனுவை வெயிட்டர் என்னிடமே கொடுத்தார் – அறிவித்தவன் நான் என்பதால். மனைவிக்கு உரியவற்றைக் குறித்துவிட்டு அவளிடம் நீட்டினேன், பார்த்துக்கொள்ளட்டும் என்று. வாங்கவில்லை. "குறிச்சாச்சுல்ல. அப்புறம் நான் எதுக்குப் பாக்கணும்?"

நான் சாக்லேட் கேக் வாங்கினேன். நன்றாக இருந்ததால் இன்னொன்று. ஒன்றுக்கு மேல் கேட்பது கப்பலில் தவறில்லை, விதியே அனுமதிக்கிறது. செவிலியர் என் தட்டையும் மனைவியின் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நல்ல ஏற்பாடு வக்கீல் சார். பத்தியம் அவங்களுக்கு, பலகாரம் உங்களுக்கு."

ரயில்காரர் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எனக்குச் சர்க்கரை இல்லை. இது சாதாரண உண்மை. இதைக்கூட எடுத்துச் சொன்னால் அற்பமாகிவிடும் என்ற நிலையில் ஒருவனை நிறுத்துவதற்குத் தனித் திறமை வேண்டும். ஒரு கேக் துண்டில் யாரும் செத்துப்போவதில்லை என்று வேறு அந்த அம்மாள் சொன்னார். பொறுப்பில்லாதவர்களுக்குத் தாராளம் எளிது. நாளைக்கு ஏதாவது ஆனால் மருத்துவமனை வராந்தாவில் உட்காரப்போவது அவரா?

மார்ச் 6, வியாழன்

இன்று கோட் அணியும் இரவு. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியம் நான் கண்ணயர்ந்த நேரத்தில் மனைவி உணவுக்கூட மேலாளரைப் போய்ப் பார்த்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. இரவு மேசைக்கு அவரே நேரில் வந்து, அவள் முன்னால் ஒரு தாளையும் பேனாவையும் வைத்தார். சிறப்பு உணவு வேண்டாம் என்று பயணியே எழுதிக் கொடுக்கலாமாம். அதன் பிறகு உடல்நிலைக்குக் கப்பல் பொறுப்பாகாது.

படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே என்றேன். என் தொழிலில் நான் எல்லோருக்கும் சொன்னது இதுதான்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். மனதுக்குள் அல்ல; உரக்க. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், ஒரு சொல் விடாமல், மேசைக்கே கேட்கும்படி. சூப் ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். மேலாளர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"படிச்சுட்டேன். போடலாமா?" என்று கேட்டாள். என்னையல்ல. மேலாளரை.

கையெழுத்திட்டாள். அவர் அட்டையைக் கொடுத்தார். அதை எவ்வளவு நேரம் பார்த்தாள்! வெயிட்டரைக் கூப்பிட்டு ஒவ்வொன்றும் எப்படி இருக்கும், எதில் செய்கிறார்கள் என்று கேட்டாள். இறுதியில் மீன் சொன்னாள். முடிவில் ஐஸ்கிரீம். பாதிதான் சாப்பிட்டாள், மீதியைத் தள்ளி வைத்துவிட்டாள். பாதிக்குத்தானா இத்தனை ஆர்ப்பாட்டம்?

ஐந்து நிமிடத்தில் நாலு பேர் முன்னிலையில் என் மூஞ்சியில் கரியைப் பூசியாகிவிட்டது. என்ன தப்புப் பண்ணினேன் நான்? அவ நல்லா இருக்கணும்னுதானே – இல்லை. சரியான சொற்களில் எழுதுகிறேன்: அவளுடைய நலன் கருதியே செய்தேன். அதுதான் உண்மை. அதை யாரும் மறுக்கவும் இல்லை. மறுத்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

மார்ச் 7, வெள்ளி

இன்று மேசைக்குப் போகவில்லை. மேல்தளத்தில் தட்டேந்திச் சாப்பிடும் இடம் இருக்கிறது, அங்கே போனேன். போகும்போது மனைவியிடம் அதிகம் பேசவில்லை. காலியாக இருக்கும் நாற்காலி என்னைவிடத் தெளிவாகப் பேசும்.

மார்ச் 8, சனி

மீண்டும் மேல்தளம். பிளாஸ்டிக் தட்டு, ஈரம் காயாத கரண்டி. நீச்சல்குளத்திலிருந்து எழுந்து வந்தவர்கள் துண்டோடு வரிசையில் நிற்கிறார்கள். எனக்கு முன்னால் நின்றவர் ஒரே தட்டில் மீனின் மேல் பழத்தை வைத்துக்கொண்டார். மேசை மரியாதை என்று ஒன்று இங்கே கிடையாது. தனியாக உட்கார இடமும் கிடையாது. யாரோ ஒருவருடைய குழந்தை என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் படி ஏறி வருகிறாளா என்று பார்த்தேன் என்று எழுதலாமா? பார்த்தேன்.

அறைக்கு அவள் எனக்குப் பிறகுதான் வந்தாள். ஏதோ பழைய பாட்டை முனகிக்கொண்டு வந்தாள். "சாப்டீங்களா?" என்றாள். ஆயிற்று என்றேன். "சரி." வேறு விசாரணை இல்லை. எங்கே, என்ன, ஏன் – ஒன்றும் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

போதும் என்று பட்டது. கோட் அணிந்துகொண்டு கீழே போனேன். பெருந்தன்மையாக நடந்துகொள்வது என்ற முடிவோடு. நடந்ததைப் பேச்சில் எடுக்கக்கூடாது என்றும் தீர்மானித்திருந்தேன்.

என் நாற்காலியில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். செவிலியரின் தங்கையாம். இதே கப்பலில் வந்து, இரவு உணவுக்குப் பிந்திய பந்தியில் இடம் கிடைத்து, தூக்கம் கெட்டு அவதிப்பட்டுக்கொண்டிருந்தவராம். நால்வரும் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ரயில்காரர்கூட. என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றது. ஒருவன் வந்ததும் நிற்கும் சிரிப்பைப் பற்றி அந்த ஒருவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மேலாளரைத் தனியே அழைத்துக் கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. அவரும் உயர்த்தவில்லை. தகவல் சொல்லாமல் இரண்டு இரவு தொடர்ந்து காலியாக விடப்படும் இடத்தை வேறு பயணிக்குக் கொடுக்கலாம் என்று விதியில் இருக்கிறது என்றார்.

இருக்கிறது. படித்திருக்கிறேன். அடிக்கோடுகூட இட்டேன், மற்றவர்கள் எவ்வளவு ஒழுங்கீனமானவர்களாக இருந்தால் இப்படி ஒரு விதி தேவைப்படும் என்று எண்ணி.

"உங்களுக்குத் தெரியாம செய்யல சார். மேடத்தைக் கேட்டோம்."

"என்ன சொன்னாங்க?"

"அவருக்குத் தேவைன்னா வந்து உக்காந்திருப்பார், பாவம் அவங்க தூக்கமில்லாம இருக்காங்க, குடுத்துடுங்கன்னாங்க."

தூணை ஒட்டி ஒருவருக்கான மேசை போட்டுத் தந்தார்கள். வெயிட்டர் வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். நினைவில் நின்ற ஏதோ ஒன்றைச் சொன்னேன். தட்டு வந்ததும் வழக்கப்படி சற்றுக் காத்தேன். யாருக்காக என்று பிறகுதான் உறைத்தது. சாப்பிடத் தொடங்கினேன். சூடாகத்தான் இருந்தது.

மார்ச் 10, திங்கள்

காலையில் கப்பலின் நடைத்தளத்தில் மனைவியிடம் கேட்டேன். நேற்று இரவிலிருந்து வாக்கியங்களை ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். முதல் வாக்கியத்தோடு நிற்க வேண்டியதாயிற்று.

"என் இடத்தை நீ எப்படி விட்டுக்கொடுக்கலாம்?"

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடியே பேசினாள். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குப் பதில் வந்திருக்கும்.

"நீங்க கோவிச்சுக்கிட்டு மேல போனீங்க, நான் பின்னாடியே வருவேன்னு. வீட்டுல எத்தனை தடவை அப்படி எந்திரிச்சுப் போயிருக்கீங்க, நான் என் தட்டை மூடி வெச்சுட்டு வந்திருக்கேன்ல. இந்தத் தடவையும் எந்திரிக்கத்தான் பாத்தேன். பசிச்சுது. உக்காந்துட்டேன்."

"உன் உடம்புக்காகத்தான்..."

"தெரியுங்க. உங்க அக்கறையில நான் குறை சொல்லல. ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தா, நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேன் அந்த ஐஸ்கிரீமை."

வாங்க, உள்ளே போகலாம், காத்து அடிக்குது என்றாள். நான் பிறகு வருவதாகச் சொன்னேன். சரி என்று போய்விட்டாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். எனக்கும் குளிரத்தான் செய்தது.

மார்ச் 11, செவ்வாய்

கரை இறங்கினோம். பெட்டிகள் குறைவின்றி வந்துசேர்ந்தன. செவிலியர் மனைவியைக் கட்டிக்கொண்டார். எனக்கு ரயில்காரர் கை கொடுத்தார். "அடுத்த தடவை பாப்போம் சார்" என்றார். பயணம் முழுவதிலும் அவர் என்னிடம் பேசிய முழு வாக்கியம் அது ஒன்றுதான். அதுவும் மரியாதைக்கு.

மார்ச் 19, புதன்

மனைவி தனியாகப் போய்ச் சர்க்கரைச் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். தெருமுனை மருந்துக்கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முடிவு என்ன என்று கேட்டேன். "ஏறல. நான் பாத்துக்கறேன்" என்றாள். தாளைக் கேட்டால் கொடுத்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். கேட்கவில்லை.

மார்ச் 27, வியாழன்

வங்கி வேலை முடிந்து திரும்ப மதியம் தாண்டிவிட்டது. மனைவி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை. எல்லாம் சூடாக இருக்கிறது, போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள் என்றாள். குரலில் எதுவும் இல்லை – கோபமும் இல்லை, வேறு எதுவும் இல்லை.

கை கழுவிவிட்டுச் சமையலறைக்குள் போனேன். தட்டு எங்கே இருக்கும் என்று தெரிந்தது. குழம்புக் கரண்டியைத்தான் காணவில்லை. இரண்டு இழுப்பறைகளைத் திறந்து மூடினேன். இந்த வீடு கட்டும்போது அந்த இழுப்பறைகளுக்கான ஒப்பந்தத்தை எழுதியவன் நான்.

பிறகு அங்கிருந்தபடியே கேட்டேன். சொன்னாள்.