கழற்றாத ஐரிஸ் படம்

எனக்கு மறதி வந்துவிட்டது என்று இங்கே வந்துபோகிறவர்கள் பேசிக்கொள்கிறார்கள். கிறிஸ்மஸ் வந்தும் மே மாதத்துப் பூப்படம் சுவரில் தொங்குகிறதே, பாவம், மாற்ற வேண்டுமென்ற நினைவே இல்லை போலும் என்கிறார்களாம். தவறு. எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. தெரிந்தேதான் கழற்றாமல் வைத்திருக்கிறேன்.

இன்று காலை திரையை விலக்கியபோது பார்த்தேன். ஐரிஸ் பூவின் கீழிதழில் கொஞ்சம் மிஞ்சியிருந்த ஊதா நிறமும் போய்விட்டது. தேநீர் சிந்திக் காய்ந்த தாளைப்போல இருக்கிறது. இதை என் கணவர் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஆஹென் நகரப் பழம்பொருள் சந்தையில், மழைத் தூறலில், அந்தப் படங்களை வாங்கினோம். மரப்பலகையில் செதுக்கி, நிறத்துக்கொரு பலகையாக ஒற்றி எடுத்த யப்பானியப் பூக்கள்: கமேலியா, ஐரிஸ், செவ்வந்தி. பலகையின் மரவரிகூடத் தெரிகிறது என்று தாளைச் சரித்துச் சரித்துக் காட்டினீர்கள். ஆலையில் நாள் முழுதும் இரும்போடு மல்லுக்கட்டிய உங்கள் கை, தாளின் ஓரத்தை மட்டுமே தொட்டது. இந்தச் சாயம் செடியிலிருந்து எடுத்தது, வெளிச்சம் படப்பட வெளுத்துவிடும் என்றார் விற்ற கிழவர். நீங்கள் தலையாட்டினீர்கள். விதி போட்டது நான். ஒரு நேரத்தில் ஒரு படம்தான் சுவரில் இருக்கலாம். வெளியே அந்தப் பூவின் பருவம் முடிந்ததும் படமும் பெட்டிக்குள் போய்விட வேண்டும்.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமப்பா" என்று ஒவ்வொரு முறையும் கெஞ்சுவீர்கள். நான் ஒருமுறையேனும் விட்டுக்கொடுத்ததில்லை. "சரி, கொன்வென்டிலை பெல் அடிச்சிட்டுது. பூவெல்லாம் வரிசையா உள்ளுக்குப் போங்கோ" என்று, என் கண்டிப்பைக் கன்னியர்மடப் பள்ளியாக்கிக் கேலி செய்துகொண்டே கழற்றுவீர்கள். எனக்குச் சிரிப்பு வரும், காட்டிக்கொள்ள மாட்டேன்.

அந்தக் கடைசி மே மாதம் உங்களுக்குக் கையை உயர்த்துவதே கடினமாக இருந்தது. மூச்சு வாங்க வாங்க ஐரிஸை மாட்டிவிட்டு, "நேராய் நிக்குதோ?" என்று கேட்டீர்கள். இடப்பக்கம் தாழ்ந்திருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக விட்டுக்கொடுத்து, "ஓம், நேராய்த்தான் நிக்குது" என்றேன். வெளியே ஐரிஸ் பூத்து முடிவதற்குள் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். அதன்பின் இது மூன்றாவது குளிர்காலம். அந்தச் சரிவை நான் தொடவில்லை.

போன ஞாயிறு மகன் வந்து பெட்டியைத் திறந்து, கமேலியாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "அம்மா, இதை மாட்டுவம். அப்பா இருந்தால் மற்றதைக் கழட்டச் சொல்லியிருப்பார்."

"அப்பா ஒருநாளும் கழட்டச் சொன்னதில்லை. சொன்னது நான்தான்" என்றேன். அவன் பெட்டியை மூடிவிட்டான்.

ஆனாலும் அவன் கவலையில் நியாயம் இருக்கிறது. இப்படியே விட்டால் பூ முழுவதும் அழிந்துவிடும். தண்டும் இலையும்தான் மிஞ்சும். கழற்றினாலோ, நீங்கள் வைத்தபடியே இருக்கும் பொருள் என்று இந்த வீட்டில் ஒன்றும் இராது. சட்டைகளைக் கொடுத்துவிட்டேன். நீங்கள் உட்காரும் கதிரையையும் யன்னல் பக்கம் நகர்த்திவிட்டார்கள். கோணலாகத் தொங்கும் அந்தப் படம் ஒன்றுதான் எனக்கு இருக்கிறது.

கனவில் வருகிறீர்கள். ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போய்விடுகிறீர்கள். விடிந்தால் என்ன சொன்னீர்கள் என்று எனக்கு நிச்சயமில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கழற்றட்டுமா, விடட்டுமா? ஒரு வரி போதும். தயவுசெய்து எழுதி அனுப்புங்கள்.