அந்த ஐந்து வருட எடைத்தாள்கள்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம், உன் உடம்பும் மனசும் அப்படியே இருக்கட்டும். அப்பா சமையலறைக் குழாயைச் சரிசெய்கிறேன் என்று உட்கார்ந்தார், ஒரு இடத்தில் ஒழுகியது இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. உனக்கு இருமல் விட்டதா?

போன வாரம் போனில் கேட்டாயே, நீ வேலை பார்க்கும் மூன்று நாட்டு மீன்பிடிக் குழுவுக்கு நம் துறைமுகம் அனுப்பிய மீன் எடைத்தாள்கள் அந்த ஐந்து வருடம் மட்டும் ஏன் ஒரே மாதிரி இருக்கின்றன என்று. தராசு பழசு, ஞாபகமில்லை என்றேன். பொய் கண்ணு. தராசு சரியாகத்தான் காட்டியது, எடை எழுதும் வேலையில் இருந்த நான்தான் குறைத்து எழுதினேன். மூன்று நாடும் மீன் பிடிப்பதைக் குறைப்போம் என்று ஒப்புக்கொண்டிருந்த காலம் அது. படகுச் சங்கத் தலைவராக இருந்த உன் மாமா, பத்து டன் வந்தால் ஆறு என்று போடு, கடலில் மீனுக்கா பஞ்சம் என்றார். அண்ணன் பேச்சைத் தட்டத் தெரியவில்லை. ஒருமுறை இன்ஜின் கெட்டுப்போன பக்கத்து நாட்டுப் படகை நம் துறைமுகத்துக்கு இழுத்து வந்தார்கள். அதன் கேப்டன் என் அறையில் டீ குடித்துக்கொண்டே, "நாங்க வருஷத்துல மூணு மாசம் படகையே எடுக்கறதில்லம்மா. நீங்களும் குறைச்சுட்டீங்கன்னு சொன்னாங்க, அந்த நம்பிக்கைதான்" என்றார். நான் தலையாட்டினேன். அவர்கள் விட்டுவைத்த மீனைத்தான் நாம் அள்ளிக்கொண்டிருந்தோம். இன்றைக்கு அவர்களுக்கும் இல்லை, நமக்கும் இல்லை. மாமாவின் மூன்று படகும் கரையில் துருப்பிடிக்கின்றன.

அந்தத் தாள்களை வைத்துத்தான் இனி யார் எவ்வளவு பிடிக்கலாம் என்று முடிவு செய்யப்போகிறோம் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. திங்கட்கிழமை துறைமுக அதிகாரியிடம் போய் நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். உங்கள் பெண்ணுக்கு அங்கே தலைகுனிவு வருமே என்று தயங்கினார். தெரிந்துதான் கொடுத்தேன், அதற்கு என்னை மன்னித்துவிடு. மாமா வாசலோடு நின்று, "இனிமே எனக்குத் தங்கச்சி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வரவில்லை, அவர் தளர்ந்து நடந்துபோனதைத் தெருமுனை வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, கண் முழிக்காதே. ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். நான் எழுதிக் கொடுத்தது இந்தக் கடிதத்துக்கு முன்பே உன் மேஜைக்கு வந்திருக்கும். அம்மா பெயர் இருக்கிறதே என்று மற்ற தாள்களுக்கு அடியில் வைத்துவிடாதே. கூட்டத்தில் நீயே வாசி. இருமல் வந்தால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கடைசி வரிவரைக்கும் வாசி.

உன்னிடம் பொய் சொன்ன
அம்மா