காப்புக் கட்டிய ரப்பர் கை

ஜூன் 2, ஞாயிறு

பேரன் ஜீவராஜ் நோர்வூட்டில் கணக்கு வாத்தியார். சின்னவன் தனுஷன் கொழும்பில், பேங்கில். பேத்தி வினோதா எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து போன முதல் சர்ஜன். இப்போது புது டாக்டர்களுக்குக் காயம் தைக்கவும் படித்துக் கொடுக்கிறாள். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. எழுதும்போதே நெஞ்சு நிறைகிறது.

இன்றைக்கு வந்தவள் என் கையைக் கேட்டாள். "தைச்சுப் பழகுறதுக்கு வாங்குற ரப்பர் தோலு குமரிப்புள்ள தோலு மாதிரி அம்மாயி. வார்டுக்கு வர்றவங்க ஒங்க வயசு. நூல இழுத்தா கிழிஞ்சிடுது."

மாவில் என் வலது கையைப் புதைத்து அச்செடுத்து, ரப்பர் ஊற்றினாள். என் சுருக்கம், என் நரம்பு, கொழுந்து கிள்ளிக் கோணிய விரல், எல்லாம் வந்துவிட்டது! இங்கேயே காயட்டும், வெள்ளிக்கிழமை எடுக்கிறேன் என்றாள். சனிக்கிழமை வகுப்பாம்.

ஜூன் 4, செவ்வாய்

பக்கத்துக் காம்பரா வீட்டு அம்மாக்கண்ணு பார்த்து அலறிவிட்டாள். "ஒங்க கைய மாதிரியே செஞ்சு ஊசி குத்தப் போறாங்களா? செய்வினைக்கு வேற என்னக்கா வேணும்?"

"போடி, ஒனக்குப் பொறாமை" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர —

ஜூன் 5, புதன்

மழை. பகலில் கண் அசந்தேன். பனிக்குள்ளே என் கை மட்டும் தனியாக மலையேறிப் போகிறது. கூப்பிட்டேன், நிற்கவில்லை. விழித்தால் வலது கை கடுக்கிறது.

ரப்பர் கையைச் சேலையில் சுற்றிப் பெட்டியில் பூட்டிவிட்டேன்.

ஜூன் 7, வெள்ளி

வினோதாவிடம், தரமாட்டேன் என்றேன். காரணம் சொல்ல வெட்கம். சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

"போன மாசம் ஒரு அம்மாவுக்குத் தைக்கத் தைக்கக் கிழிஞ்சிச்சு. கத்தக்கூட இல்ல, என் கையப் புடிச்சிக்கிட்டே இருந்தாங்க. ஒங்களுக்குப் பயமா இருந்தா வேணாம் அம்மாயி."

பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டாள். அந்த அம்மா யாரோ. எந்தத் தோட்டமோ.

பெட்டியைத் திறந்தேன். மாரியம்மா பேரைச் சொல்லி, மஞ்சள் நூலால் ரப்பர் கைக்குக் காப்புக் கட்டித் திருநீறு பூசினேன். "இத அவுக்காம குத்தச் சொல்லு."

"சரிங்க டாக்டரம்மா" என்கிறாள், கழுதை.

ஜூன் 8, சனி

காலையிலிருந்து கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 9, ஞாயிறு

போன் வந்தது. காப்பை யாரும் அவிழ்க்கவில்லையாம். எங்க அம்மாயி கை என்று சொல்லித்தான் கொடுத்தாளாம். ஒரு சிங்களப் பிள்ளை ஊசி வைக்குமுன், "சமாவென்ன ஆச்சி" என்றதாம். மன்னிச்சுக்கங்க பாட்டி என்று! பிறகு எல்லாருமே அப்படிச் சொல்லிவிட்டுத்தான் குத்தினார்களாம். முதலில் கிழிந்ததாம். அப்புறம் மெதுவாக இழுத்தார்களாம். தையல் நின்றதாம்.

நேற்று மதியம் கை இலேசாகக் குறுகுறுத்தது. வலி இல்லை. யாரோ கூப்பிட்ட மாதிரி.

சுவரில் இருப்பது வினோதா பட்டம் வாங்கிய பழைய படம். நாளைக்குப் போனில் சொல்ல வேண்டும்: புதுப் படம் ஒன்று தபாலில் அனுப்பு புள்ள, நீயும் அந்தப் பிள்ளையும், நடுவில் என் கையும். காப்புத் தெரியட்டும்.