பத்துக்குப் பத்து

உமியோ, பிப்ரவரி 3

அன்புள்ள தம்பி ஆல்வர்,

உனக்குத்தான் போனில் எதுவும் காதில் விழாதே, அதனால் எழுதுகிறேன். பக்கவாதம் வந்த இடது கால் இப்போது கொஞ்சம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. நேற்று இங்கே ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்யும் பெண் துவா ஒரு தாளோடு வந்தாள். “விழுந்துடாம குளிச்சுடுவோம்னு எவ்வளவு நம்பிக்கை இருக்கு? பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள சொல்லுங்க” என்றாள். கட்டில், மாடிப்படி, அலமாரி என்று கேட்டுக்கொண்டே போனாள். எல்லாவற்றுக்கும் பத்து என்றேன். குறைத்துச் சொன்னால் முதியோர் இல்லத்தில் தள்ளிவிடுவார்களே! வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகிறேன்.

உன் அக்கா,
மாய்கென்

கோத்தன்பர்க், பிப்ரவரி 6

அன்புள்ள அக்கா,

மாடிப்படிக்குமா பத்து? நன்றாக இருந்த காலத்திலேயே பல்பு மாற்ற நாற்காலியில் ஏறினால் ஊரைக் கூட்டுவாய். அவள் பரீட்சை வைக்க வரவில்லை, உன் பயத்தை அளக்க வந்திருக்கிறாள்.

ஆல்வர்

உமியோ, பிப்ரவரி 12

ஆல்வர்,

திட்டாதே. வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாரையும்போல ஷூவைக் கழற்றினேன். ஆஸ்பத்திரியில் நடந்து பழகியதெல்லாம் ஷூவோடு. அம்மா பார்த்துப் பார்த்து மெழுகிட்ட மரத்தரையில் கம்பளிக் காலுறையோடு இடது காலை வைத்தேன், வழுக்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். உயிரே போய்விட்டது. வாசல் முக்காலியில் உட்கார்ந்தவள் இருட்டும்வரை எழவில்லை. கழிப்பறை எதிரேதான் இருந்தது. போக முடியாமல் உடுப்பிலேயே ஆகிவிட்டது. உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டு பிரித்தா வந்து எழுப்பினாள். அன்றிலிருந்து நாற்காலியே கதி. இந்தக் கடிதத்தையும் அவளிடம்தான் தபாலில் போடக் கொடுக்கிறேன். இத்தனைக்கும் நான் விழவே இல்லையடா!

மாய்கென்

கோத்தன்பர்க், பிப்ரவரி 16

அக்கா,

படித்துவிட்டு அழுதேன். ஆஸ்பத்திரிக்கு மின்னஞ்சல் அனுப்பி துவாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். கோபப்பட்டால் படு. உன் வீட்டுக்கே வருகிறாளாம். அதுவரை வீட்டுக்குள்ளும் ஷூவோடு இரு. அம்மா போய் முப்பது வருஷமாகிறது, தரையைப் பார்த்துத் திட்ட வரமாட்டாள்.

ஆல்வர்

உமியோ, பிப்ரவரி 24

காட்டிக்கொடுத்த தம்பிக்கு,

துவா வந்திருக்கிறாள். வாசலில் குனிந்து ஷூவைக் கழற்றப் போனாள்.

“ஐயோ, கழட்டாதேடி, வழுக்கும்!”

“வீட்டுக்குள்ள ஷூவா? எங்கம்மா பார்த்தா கொன்னே போட்டுடுவாங்க.”

“எங்கம்மாவும்தான்.”

சிரித்தோம். பிறகு பழைய கேள்விகளையே கேட்டாள். குளியலுக்கு ஒன்று, மாடிப்படிக்குப் பூஜ்யம். சொல்லச் சொல்ல எனக்கு அழுகை முட்டியது. “இதை அன்னிக்கே சொல்லியிருந்தா வெறுங்காலோட நடக்கவும் பழக்கியிருப்பேனே. இல்லத்துக்கு அனுப்புவோம்னு யார் சொன்னது?” என்றாள்.

தெருமுனைத் தபால்பெட்டிவரை இப்போதே போகலாம் என்கிறாள். கூட வருவாளாம், கையை மட்டும் பிடிக்கமாட்டாளாம். தெரு முழுக்க உறைந்து கிடக்கிறது. எவ்வளவு நம்பிக்கை என்று கேட்டாள். இரண்டு என்றேன். “ரெண்டு இருக்கில்ல, வாங்க” என்று ஷூவுக்கடியில் பனியில் வழுக்காமலிருக்க ஆணி பதித்த பட்டையை மாட்டிவிட்டாள்.

கோட்டுப் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். இது உன் கைக்கு வந்தால் நான் பெட்டிவரை போய்விட்டேன் என்று தெரிந்துகொள்.

அக்கா