பதினான்கு நிமிடம் அம்மா

ஜூலை 7, திங்கள்

ஸ்டுடியோ கதவைச் சாத்தினால் நெடுஞ்சாலை லாரிச் சத்தம் காதுக்குக் கேட்பதில்லை. காலுக்குக் கேட்கிறது. செருப்பை வெளியே விட்டுவிட்டு உட்காருவதால் தரையின் நடுக்கம் உள்ளங்காலில் ஏறுகிறது. முதலில் கவனித்தது இதைத்தான்.

நல்ல வெயில். தண்டலத்தில் பஸ் இறங்கிக் கல்லூரி வாசல்வரை நடை. கல்லூரிக்குள் இருக்கும் சின்ன வானொலி, சுற்றியுள்ள ஊர்களுக்கு மட்டும் கேட்கும். பள்ளியை விட்டவர்களுக்கான பயிற்சி மையத்திலிருந்து ஒரு மாதத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். கூட வரவேண்டியவள் வரவில்லை. நான் மட்டும்.

சுமதி அக்கா பொறுப்பாளர். முரளி அண்ணன் ஒலிப்பதிவு. பெயர் கேட்டார்கள். ஜெனி என்றேன். காதில் விழவில்லை என்றார்கள். மறுபடி சொன்னேன்.

"ரேடியோவுக்கு ஏத்த ஆளாப் பாத்துதான் அனுப்பிகீறாங்க" என்றார் முரளி அண்ணன். கெட்ட சிரிப்பு இல்லை.

இன்றைய வேலை: பழைய பதிவுகளின் பட்டியல், மேசை துடைப்பு, இரண்டு முறை டீ. பேசியது மொத்தம் பத்து வார்த்தை இருக்கும்.

ஜூலை 8, செவ்வாய்

மு. அண்ணன் பாடம். விருந்தினர் மைக் முன்னால் உட்கார்ந்ததும் "காலையில் என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்க வேண்டும். எல்லாரிடமும் இதே கேள்வி. அவர்கள் சொல்லச் சொல்ல, கண்ணாடிக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து குமிழைத் திருகி ஒலி அளவு சரிசெய்ய வேண்டும். சரியானதும் கையைத் தூக்கிக் காட்டி, அப்புறம்தான் பதிவுப் பொத்தான். சோதனைப் பேச்சைப் பதிவு செய்யவே கூடாது.

காரணம், போன வருடம் வந்த ஒரு பையன் முதலிலேயே அமுக்கிவிட்டான். வெட்டவும் மறந்தான். சுகாதார அதிகாரி ஒருவர் "நேத்து பிரியாணி, காலைல இருந்து வயிறு சரியில்ல" என்றது ஊருக்கெல்லாம் போய்விட்டது.

"அந்தாளு இன்னி வரைக்கும் ஃபோன் எடுக்கல. மறக்காத தங்கச்சி, டெஸ்ட்டுக்குக் கைய வெக்காத."

மறக்க மாட்டேன்.

ஜூலை 10, வியாழன்

விடுப்பு. அம்மாவோடு சென்னை ஆஸ்பத்திரி. ஆறு மாதக் கரகரப்பு. கம்பெனி கேன்டீன் வேலையில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது என்றுதான் இவ்வளவு நாள் நினைத்தோம். பதினொன்றாம் வகுப்பை நான் விட்டதே இந்த அலைச்சலில்தான். அப்பா இல்லை. வேறு யார் கூடப் போவது.

டாக்டர் என்னையும் சின்னம்மாவையும் தனியாகக் கூப்பிட்டார். தொண்டையில் புற்று, குரல்பெட்டியை முழுதாக எடுக்க வேண்டும். உயிருக்கு அதுதான் வழி. 18ஆம் தேதி சேர வேண்டும், 21 அறுவை. அப்புறம் பேச்சு வராது. பின்னால் ஏதோ கருவி வைத்துப் பழகலாம், ஆனால் அது வேறு மாதிரி குரலாக இருக்கும் என்றார்.

அம்மாவிடம் அவரே சொன்னார். அம்மா தலையாட்டினாள். வெளியே வந்ததும் "பசிக்குதுடி, எதனா துன்னலாம் வா" என்றாள். இட்லி. என் தட்டில் பாதி மிச்சம்.

ஜூலை 12, சனி

அம்மா துணி மடித்துக்கொண்டே பேசும்போது போனில் பதிவு செய்யப் பார்த்தேன். பார்த்துவிட்டாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"சாவப் போறவளப் புடிச்சி வெக்கிறியா? உள்ள வெய்யி அத்த."

வைத்துவிட்டேன்.

படுத்தபடி யோசித்தேன். ஸ்டுடியோ இருக்கிறதே. நிகழ்ச்சி என்று சொன்னால் வருவாள்.

ஜூலை 14, திங்கள்

சு. அக்காவிடம் கேட்க வேண்டும். மூன்று முறை அவர் அறை வாசல்வரை. மூன்று முறையும் "இன்னாம்மா?" என்றார். டீ வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்தேன். மூன்று டீ குடித்தார் பாவம்.

கடைசியில் துண்டுச் சீட்டில் எழுதி மேசையில் வைத்துவிட்டு வெளியே நின்றேன். படித்துவிட்டு வந்து என் தோளில் கை வைத்தார். "புதன்கிழமை பதினோரு மணி, ஸ்டுடியோ சும்மாதான் இருக்கு. நீயே எடு. முரளி கூட இருக்கட்டும்." நிகழ்ச்சியாகவே போடலாம் என்றும் சொன்னார்.

வீட்டில் சொன்னேன்: கேன்டீனில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி, நீ பேச வேண்டும்.

"நானா?" என்றாள். அப்புறம், "பச்சப் பொடவ கட்டிக்கவா, ரேடியோல தெரியாதுல்ல?"

ஜூலை 16, புதன்

பச்சைப் புடவைதான். எங்கள் ஊர் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஷேர் ஆட்டோ. மு. அண்ணன் அம்மாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார், தண்ணீர் வைத்தார். நான் கண்ணாடிக்கு இந்தப்பக்கம்.

"காலையில் என்ன சாப்பிட்டீங்க?" என்று மைக்கில் கேட்டேன். அம்மாவை 'ங்க' போட்டுக் கேட்டது முதல் தடவை. அம்மா சிரித்தாள். அவள் சொன்னது, நினைவில் உள்ளவரை:

"கஞ்சிங்க மேடம். எம் பொண்ணு காச்சினது. உப்பு போட மறந்துட்டா. சொன்னா மூஞ்சத் தூக்கி வெச்சிப்பான்னு சொல்லல. ஏன்டி கீழயே பாத்துகினு கீற? எனக்குத் தெரியாதா? கேன்டீன்ல அத்தினி பொம்பளைங்க கீறாங்க, என்னியத்தான் தேடி கூப்ட்டாங்களா? பரவால்ல. பேசறேன். உன்க்கு வோணும்னா பேசறேன். ரெண்டாவது படிக்க சொல்ல டீச்சர் பேரு கேட்டா நீ சொல்ல மாட்ட. நாந்தான் ஜன்னலாண்ட நின்னுகினு ஜெனி ஜெனின்னு கத்துவேன். கடையில, பஸ்ஸுல, எல்லா எடத்துலயும் உன்க்கும் சேத்து நானே பேசிட்டேன். அது என் தப்பு. இனிமே இன்னா பண்ணுவியோ. அதான் கெடந்து அடிச்சிக்குது. தொண்ட போனா போவுது."

இன்னும் பேசினாள். நான் பிறந்த அன்று பெய்த மழை. எதிர்வீட்டு ஆட்டோ நின்றுபோய், ஆஸ்பத்திரிவரை அதைத் தள்ளிக்கொண்டே போனது. குரல் கரகரத்து, திடீரென்று தேய்ந்து தேய்ந்து வந்தது. அளவு நிற்கவில்லை. குமிழைத் திருகிக்கொண்டே இருந்தேன். ஐந்து நிமிடமாவது இருக்கும். ஒருவழியாகச் சரியானது. கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் பொத்தானை அமுக்கினேன்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். மாதா கோயிலில் வாசகம் வாசிப்பவர்கள் குரலில், "வணக்கம் நேயர்களே. என் பெயர் ஆரோக்கியம். நான் கேன்டீனில் காய்கறி நறுக்கும் பணி செய்கிறேன். காலை ஆறு மணிக்குப் பணி தொடங்கும்."

பதினான்கு நிமிடமும் அப்படியே.

திரும்பும் வழியில் "நல்லாப் பேசினேனா?" என்றாள். நல்லா இருந்துச்சும்மா என்றேன். அப்போது எனக்கு உறைக்கவில்லை. இப்போது எழுதும்போதுதான், முன்னால் பேசியது பதிவில் இருக்குமா என்று.

ஜூலை 17, வியாழன்

காலையில் ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். வணக்கம் நேயர்களே என்று தொடங்குகிறது. முன்னால் ஒன்றும் இல்லை. பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

மு. அண்ணனிடம் கேட்டேன். நானாகப் போய் அவரிடம் கேட்டது இதுதான் முதல் தடவை.

"டெஸ்ட் எங்க பதிவாவும் தங்கச்சி? நீ அமுக்கவே இல்லியே. கரெக்டாத்தான..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். அப்புறம் மெதுவாக, "நானும் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன். எனக்கும் தோணல." எழுந்து வெளியே போனார். எனக்கு டீ வாங்கி வந்தார். அவர் குடிக்கவில்லை.

சு. அக்கா இன்றைக்கே மறுபடி கூட்டி வரச் சொன்னார். வீட்டுக்கு ஓடினேன். அம்மா கம்பெனிக்குப் போயிருந்தாள், கணக்கு முடித்து அட்டை ஒப்படைக்க. ஐந்து மணிக்குத்தான் வந்தாள். கேட்டேன்.

"அதான் பேசிட்டேனேடி. திருப்பிச் சொன்னா அதே மாரி வருமா?" என்றாள். பை அடுக்க உட்கார்ந்துவிட்டாள். போர்வை, பிளாஸ்க், தட்டு, டம்ளர், ஜெபமாலை.

பதிவாகவில்லை என்று அவளிடம் சொல்லவில்லை.

ஜூலை 18, வெள்ளி

சேர்த்தாயிற்று. கட்டில் ஜன்னல் ஓரம். பக்கத்துக் கட்டிலில் ஒரு வயதான அம்மா, அவளோடு எங்கள் அம்மாவுக்கு ஒரே பேச்சு. அந்த அம்மாவின் மருமகள்வரை விசாரித்துவிட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஜூலை 21, திங்கள்

எட்டரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். கதவருகே என்னைப் பார்த்து, "சீப்பு மேல் பையில கீது. தலைய வாரு" என்றாள். கதவு மூடிக்கொண்டது.

மூன்று மணிக்கு நல்லபடி முடிந்தது என்றார்கள். சின்னம்மா அழுதாள். நான் தலை வாரினேன்.

ஜூலை 26, சனி

தூறல். அறுவை முடிந்து ஐந்தாம் நாள். அம்மாவின் கழுத்தில் துளை, அதில் ஒரு குழாய். மூச்சு அந்த வழியாக. நர்ஸ் ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்திருக்கிறார், வேண்டியதை எழுதிக் காட்டச் சொல்லி. அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். அதையே ஒரு பக்கம் முழுக்கப் போட்டு வைத்திருக்கிறாள்.

என் போனைக் காட்டிக் கை நீட்டினாள். புரிந்தது. முரளி அண்ணன் ஏற்றிக் கொடுத்திருந்த பதிவை ஓட விட்டேன். வணக்கம் நேயர்களே.

"யாரும்மா அது, ஸ்கூல் டீச்சரா?" என்றாள் பக்கத்துக் கட்டில் அம்மா.

அம்மாவின் தோள் குலுங்கியது. சிரிப்பு. சத்தம் இல்லை, குழாயில் காற்று மட்டும். பிறகு இருமல், சளி. துடைத்துவிட்டேன். கொஞ்சம் கேட்டாள். காய்கறி கழுவும் இடம் வந்ததும் போதும் என்று உள்ளங்கையைக் காட்டினாள்.

என் வாயைக் காட்டினாள்.

"தண்ணியாம்மா?" இல்லை. "நர்ஸக் கூப்டவா?" இல்லை. மறுபடியும் என் வாய். துப்பட்டாவைப் பிடித்து இழுத்துக் கட்டிலில் உட்கார வைத்தாள். காத்திருந்தாள்.

"பஸ்ஸுல கூட்டம்மா. பூந்தமல்லி வரைக்கும் நின்னுகினே வந்தேன்" என்றேன். தலையாட்டினாள். "சின்னம்மா கொழம்புல புளி தூக்கலா போட்டுட்டா." தலையாட்டினாள். பக்கத்துக் கட்டில் அம்மா இந்தப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அடுத்து, காலையில் தெருக்குழாயில் நடந்த சண்டையைச் சொன்னேன்.