மஞ்சள் வைத்த கவர்

ராஜபாளையம்
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் யுவராணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை சதீஷும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க ஆண்டாள் தாயார் துணை. இது நானே என் கையால் எழுதும் கடிதம். யாரும் சொல்லித் தரவில்லை. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன், இப்போது வெயில் சாய்ந்துவிட்டது. சாயங்காலம் முதியோர் எழுத்து வகுப்புக்குப் போகும்போது பாண்டிசெல்வி டீச்சரிடம் கொடுத்து, போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்பச் சொல்வேன். தபாலில் வந்தால் காரியம் கெட்டுவிடும். காரியம் இதுதான். நேற்று நீ போனில் சொன்னாயே, கல்லூரி ஆபீஸ்மேல் புகார் எழுதி அனுப்பப் போகிறேன் என்று, அதை அனுப்பாதே. தப்பு அவர்கள்மேல் இல்லை. என்மேல். போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நீ வக்கீல், நடுநடுவே கேள்வி கேட்பாய், நான் உளறிவிடுவேன். எழுத்தில் என்றால் கடைசிவரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நீ இங்கே படித்த சட்டப் படிப்பு மட்டும் அங்கே போதாது, இன்னும் ஒரு வருடம் படித்தால்தான் அங்கே கோர்ட்டுக்குப் போகப் பரீட்சை எழுத விடுவார்கள், அதற்கு உன் மார்க் விவரம் கல்லூரி ஒட்டி முத்திரை வைத்த கவரிலேயே வரும் புதன்கிழமைக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும், பிரித்த கவர் என்றால் தள்ளிவிடுவார்கள் என்று நீ எத்தனை தடவை சொன்னாய். எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. போன வாரம் வியாழக்கிழமை மதுரைக்குப் போய் அந்தக் கவரை வாங்கினேன். நான் பிரிக்கவில்லை. சத்தியமாகப் பிரிக்கவில்லை. திரும்பி வரும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, தாயார் சந்நிதியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வாருங்கள் என்று உன் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். கும்பிட்டேன். அதோடு வந்திருக்கலாம். வெறும் கவராகவா கடல் தாண்டிப் போவது என்று தோன்றியது. உன் கல்யாணப் பத்திரிகைக்கு வைத்த மாதிரி வாசல் கடையில் மஞ்சள்தூள் வாங்கி, குழாயடியில் உள்ளங்கையில் குழைத்து, நாலு மூலைக்கும் வைத்தேன். கையில் மிச்சம் இருந்தது. திருப்பிப் போட்டு நடுவிலும் பெரிதாக ஒன்று வைத்தேன். அது நேரே ஒட்டின இடத்தில், முத்திரைக்கும் கையெழுத்துக்கும் மேலே விழுந்தது. வீட்டுக்கு வருவதற்குள் மை பரவி, ஒட்டு விட்டுப் போய்விட்டது.

மறுநாள் கூரியர் கடை காமராஜ் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். “என்ன பெரியப்பா, கவருக்கு மஞ்சத்தண்ணி ஊத்திட்டீயளா” என்றான். பொறவு அவனே, “சரி விடுங்க, பசையத் தடவி ஒட்டிருவோம், அங்க இருக்க வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியப்போவுது” என்றான். உன் அம்மாவும் ஒட்டிவிடச் சொன்னாள். ஒட்டத்தான் நினைத்தேன், யுவராணி, பொய் சொல்லவில்லை. பசை டப்பாவைக் கையில் வாங்கியும்விட்டேன். அப்புறம், அங்கே யாராவது பார்த்துவிட்டு இந்தப் பிள்ளை கவரைப் பிரித்து மார்க்கைத் திருத்தியிருக்கிறது என்று சொன்னால் நீ என்ன சொல்வாய், எங்கப்பா மஞ்சள் வைத்தார் என்றால் யார் நம்புவார்கள் என்று நினைத்தேன். டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சனி ஞாயிறு லீவு. திங்கட்கிழமை மறுபடி மதுரைக்குப் போனேன். ஆபீஸில் பரிபூரணம் என்று ஒரு அம்மா. நீ புகார் எழுத இருந்தது இவர்மேல்தான். இன்னொரு கவர் வேண்டுமென்றால் காரணம் எழுதி மனுக் கொடுக்க வேண்டும் என்றார். “நான் எழுதித் தாரேன்யா, நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க” என்றார். நானே எழுதுகிறேன் என்றேன். மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டுக் கொடுத்தார். நான் எழுதி முடிக்க அவருடைய சாப்பாட்டு நேரம் போய்விட்டது. வாங்கிப் படித்துவிட்டு, “மஞ்சள் வச்சுட்டேன்னு எழுதியிருக்கீக. கவர் கிழிஞ்சு போச்சுன்னு எழுதுனா போதாதாய்யா” என்றார். கிழியவில்லையே அம்மா என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். கையெழுத்துப் போட வேண்டிய கல்லூரி முதல்வர் அன்றைக்கு ஊரில் இல்லை. வரிசைப்படி போனால் பத்து நாள் ஆகுமாம். புதன்கிழமை காலையில் நான் மறுபடி போனேன், முதல்வர் வந்ததும் அந்த அம்மா தானே மனுவை உள்ளே கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வந்தார். புதுக் கவரில் முத்திரைக்கு மேலே கண்ணாடி டேப்பும் ஒட்டிவிட்டு, “இதுக்கு மேல ஆசையா இருந்துச்சுன்னா வெளிய வேற கவர் போட்டு அதுக்கு எம்புட்டு மஞ்சள் வேணாலும் வைங்க” என்றார். அன்றைக்கே காமராஜ் கடையில் போட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை சேர்ந்துவிடும் என்கிறான். சேரும் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

நேற்று ஏன் இத்தனை தாமதம் என்று நீ கேட்டபோது ஆபீஸில் இழுத்தடித்துவிட்டார்கள் என்று என் வாயில் வந்துவிட்டது. உடனே நீ அந்தக் கிளார்க் பெயரைக் கேட்டாய். எனக்குத் தெரியாது என்றேன். அதுவும் பொய். இராத்திரி உன் அம்மாவிடம் சொன்னேன். “ஒத்தாசை பண்ணுனவுகளப் போய்க் காட்டிக் குடுத்துட்டு வந்து சோத்தப் போடுங்கிறீயளே” என்றாள். அது சரிதான். உன் புகார் முதல்வர் மேஜைக்குப் போனால் வரிசையை மீறி ஏன் கொண்டுவந்தாய் என்று அந்த அம்மாவைத்தான் கேட்பார்கள்.

மற்றபடி இங்கே எல்லாம் நல்லபடி. மலையில் மழை பெய்து ஆற்றில் கொஞ்சம் தண்ணீர் வருகிறது. பக்கத்து வீட்டு ராஜு வீட்டில் நாய் ஐந்து குட்டி போட்டிருக்கிறது, ஒன்றை வாங்க உன் அம்மா விட மாட்டேன் என்கிறாள். நீ குளிர் என்று சாப்பிடாமல் இருக்காதே. காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாப்பிள்ளையை நான் கேட்டதாகச் சொல்.

நீ நினைத்த படிப்பைப் படித்து, அந்த ஊர்க் கோர்ட்டிலும் நிமிர்ந்து நின்று பேசுவாய், தீர்க்காயுளோடு இருப்பாய். இதைப் படித்ததும் புகாரை அழித்துவிட்டு எனக்குப் போன் பண்ணு. திட்டுவதாக இருந்தாலும் பண்ணு. இடம் கிடைத்தால் முதல் நன்றியை மதுரைக்கு எழுது, பரிபூரணம் அம்மா பெயருக்கு. கிடைக்காமல் போனால் கோபத்தை ராஜபாளையத்துக்கு அனுப்பு, என் பெயருக்கு. முகவரி இரண்டும் மாறிவிடக் கூடாது.

உன் அப்பா
சு. பேச்சிமுத்து