கஜனியின் காய்ச்சல்

லா ஷப்பேல், பாரிஸ்
16 ஜனவரி 2024

அன்பின் யோகராணி,

வருடம் பிறந்து இரண்டு வாரமாகியும் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள். இன்று என்னோடு படித்த சிநேகிதியைத் தேடி வரவில்லை. யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் வார்ட் பார்க்கும் டொக்டரைத் தேடி வந்திருக்கிறேன்.

என் கிளினிக்குக்கு வருகிற பிள்ளை ஒருத்தி, பெயர் கஜனி. ஏழு மாதக் கர்ப்பிணி. கணவன் மதுஷன் ஒரு ரெஸ்டோரண்டில் சமையல் வேலை. பாரிஸுக்கு வெளியே கார்ஜ் லே கொனெஸில் இருக்கிறார்கள். கலியாணத்துக்குப் பிறகு முதல்முறையாக டிசம்பரில் ஊருக்குப் போனார்கள். போகுமுன் என்னிடம் வந்தாள். பிளேனில் இடையிடையே எழுந்து நட, கொதித்தாறிய தண்ணீர் குடி, நுளம்பு கடிக்காமல் பார் என்றெல்லாம் சொல்லி, பறக்கலாம் என்று சான்றும் கொடுத்தனுப்பினேன்.

திரும்பி வந்த மூன்றாம் நாள் காய்ச்சல் தொடங்கியது. நேரே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போயிருக்கிறார்கள், நல்ல காரியம். மலேரியா இல்லை, டெங்கு இல்லை, இரத்தத்தில் எந்தக் கிருமியும் வளரவில்லை. காய்ச்சல் மட்டும் எட்டு நாளாக நாற்பதில் நிற்கிறது. பிளேட்லெட் இறங்குகிறது. நேற்றிலிருந்து மூச்சும் வாங்குகிறது.

தொற்றுநோய்ப் பிரிவின் தலைவர் பேனாட் இன்று எனக்குத் தொலைபேசி எடுத்தார். இப்படியே போனால் பிள்ளையை முன்கூட்டி எடுக்க வேண்டிவரும் என்றார். பிறகு சொன்னார்: "அவள் போய்வந்த ஊர் எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

எனக்கும் தெரியவில்லை, யோகா. நான் அங்கே ஒரு நோயாளியைத் தொட்டு எத்தனை காலம்! என்னவாக இருக்கலாம்?

உன்
மிருணாளினி

*

யாழ்ப்பாணம்
17 ஜனவரி 2024

அன்பு மிருணா,

வார்ட்டுக்குள் போகுமுன் எழுதுகிறேன். திட்டுவதற்கு நேரமில்லை, தப்பினாய்.

இரண்டு விஷயம் கேள். அவள் புல்லும் பற்றையும் உள்ள இடத்தில் இருந்தாளா? அவள் உடம்பை யாராவது முழுதாகப் பார்த்தார்களா? முழுதாக என்றால் அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழே, காதுக்குப் பின்னால், தலைமயிருக்குள். சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கலாம். அது நோவாது, அரிக்காது. அதனால் நோயாளி தானாகச் சொல்லமாட்டாள். பற்றையில் இருக்கும், கண்ணுக்கே தெரியாத உண்ணிக் குஞ்சு கடித்த இடம் அது.

உண்ணிக் காய்ச்சல் என்பதுதான் என் சந்தேகம். மழைக்குப் பிறகு இந்த மாதங்களில் என் வார்ட்டில் அது இல்லாத நாளில்லை. இரத்தப் பரிசோதனையின் முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று பேனாட்டிடம் சொல். அவள் கர்ப்பிணி, ஆகவே அசித்ரோமைசின். சாதாரண மருந்துதான்.

மதுஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்காதே.

எனக்கும் ஒரு செய்தி உண்டு. இங்கிலாந்தில் வேலை சரிவந்துவிட்டது. ஏப்ரலில் பயணம். மற்றதெல்லாம் பிறகு. முதலில் அந்தப் பிள்ளையைப் போய்ப் பார்.

யோகராணி

*

லா ஷப்பேல்
21 ஜனவரி 2024

என் யோகா,

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. நடந்தபடியே சொல்கிறேன்.

உன் மின்மடலை வாசித்ததும் கிளினிக்கைப் பாதியில் பூட்டினேன். காத்திருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். "போயிட்டு வாங்கோ டொக்டர், நாங்கள் நாளைக்கு வாறம்" என்றார் ஒரு ஐயா.

ஆஸ்பத்திரியில் கஜனிக்குப் பேசவே மூச்சுப் போதவில்லை. அவளுக்காக மதுஷன்தான் பேசிக்கொண்டிருந்தான். அவனைத் தேநீர் குடித்து வரும்படி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"கஜனி, உடம்பில எங்கையாவது கறுப்பா ஒரு புண் இருக்கோ?"

கண்ணை மூடிக்கொண்டாள். "ஓம். மார்புக்குக் கீழை. உள்சட்டை உரசினது எண்டு நினைச்சன்."

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"டொக்டர்மார் கேட்டவைதான். இவரைக் கொண்டு கேட்டவை. இவருக்கு அந்தப் பிரெஞ்சுச் சொல் விளங்கேல்லை. எனக்கும் ஆம்பிளை டொக்டருக்குக் காட்ட வெக்கம். ஒண்டுமில்லை எண்டிட்டன்."

ஊரில் எங்கே போனாய் என்று கேட்டேன். மாமனாரின் காணி, ஆமி பிடித்து வைத்திருந்து இப்போதுதான் விட்டதாம், ஆளுயரப் பற்றையாம். "இவர் எல்லைக் கல்லுத் தேடப் போனவர். எனக்குக் கால் உளைஞ்சுது. புல்லில இருந்திட்டன்."

அனுமதி கேட்டுச் சட்டையை விலக்கினேன். யோகா, அங்கே இருந்தது! உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிது. கறுப்பு, சுற்றிவரச் சிவப்பு. எத்தனையோ இயந்திரங்கள் பார்த்த உடம்பில், அவளை ஒருநாளும் காணாத நீ, கடல் கடந்து இருந்து விரல் வைத்துக் காட்டிய இடம்.

நான் பக்கத்தில் நின்றால் சரி என்று அவள் சம்மதித்த பிறகு பேனாட் வந்தார். குனிந்து நெடுநேரம் பார்த்தார். "படத்தில்தான் பார்த்திருக்கிறேன்" என்றார், கோயிலுக்குள் பேசுவதுபோன்ற குரலில். மற்ற டொக்டர்மாரைக் கூப்பிட வாயெடுத்தவர், நிறுத்தி, "அவர்களும் பார்க்கலாமா என்று அவளிடம் கேளுங்கள்" என்றார். "பொம்பிளையள் மட்டும் பார்க்கட்டும்" என்றாள் கஜனி. அப்படியே நடந்தது. மருந்து உடனே ஏறியது.

அடுத்த நாள் மாலை காய்ச்சல் முப்பத்தெட்டு. அதற்கடுத்த காலை நான் போனபோது கட்டிலில் எழுந்திருந்து, "டொக்டர், இஞ்ச தாற சூப் வாயில வைக்கேலாது. சோறு கொண்டுவரலாமோ?" என்று கேட்டாள். மருத்துவத்தாதி வயிற்றில் கருவியை வைத்தாள். குழந்தையின் இதயம் அறை முழுக்கக் கேட்டது. மதுஷன் அதைப் போனில் பதிந்துகொண்டான். இந்த மருந்து இப்படித்தான் வேலை செய்யும் என்று புத்தகத்தில் படித்தவள்தான் நான். படித்திருந்தும், கருவியை இன்னொருதரம் வைத்துக் காட்டச் சொன்னேன்.

இனித் தமிழ்ப் பெண்கள் வந்தால் முதல் நாளே தொலைபேசியில் ஒரு பெண் மொழிபெயர்ப்பாளரை எடுக்க வேண்டும் என்று பேனாட் தன் பிரிவுக்குச் சொல்லிவிட்டார்.

ஏப்ரல் பயணத்தைப் பற்றி எழுதியிருந்தாய். போகாதே என்று எழுதிவிட்டு அழித்தேன். நான் போனவள். அந்தச் சொல்லை எழுத எனக்கு உரிமையில்லை.

என்றும் உன்
மிருணா

*

யாழ்ப்பாணம்
2 பெப்ரவரி 2024

அன்பு மிருணா,

உன் மடலைத் தேநீர் வேளையில் வார்ட் டொக்டர்மாருக்கு வாசித்துக் காட்டினேன். உதயன் என்று ஒருவன், எனக்கு அடுத்து இந்த வார்ட்டைப் பார்க்கப்போகிறவன். "பாரிஸ்ல பெரிய டொக்டர் படத்திலதான் பார்த்தவராமோ?" என்று சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனான்.

கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டான். "மேடம், ஒருக்கா வந்து பாருங்கோ." நெஞ்சுச் சளி என்று நாங்கள் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த ஒரு தோட்டக்காரர். உச்சந்தலையில், மயிருக்குள், அதே பொருக்கு. இதை எத்தனையோ பேரில் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவள் நான். அன்று உதயன் டோர்ச்சைப் பிடிக்க, நீ எழுதிய பேனாட்டைப்போலக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆனாலும் நான் போகிறேன், மிருணா. என் கணவர் இங்கிலாந்துக்குப் போய் இரண்டு வருடம். போனில் குடும்பம் நடத்தி எனக்குக் களைத்துவிட்டது. உதயன் நன்றாகப் பார்ப்பான். அடுத்த காய்ச்சலுக்கு அவனுக்கு எழுது. முகவரியைத் தனியே அனுப்புகிறேன்.

ஊருக்கு வருகிறவர்களுக்கு இனிப் புல்லையும் சொல். வெறும் புல்லில் இருக்க வேண்டாம், வீட்டுக்கு வந்ததும் குளித்து உடுப்பை மாற்றட்டும். திரும்பிப் போய்க் காய்ச்சல் வந்தால், எந்த டொக்டரிடமும் முதலில் எங்கே போய்வந்தோம் என்பதைச் சொல்லட்டும்.

எனக்குத் தெரிந்த காய்ச்சல்கள் எல்லாம் இங்கேயே நின்றுவிடும். ஐம்பது வயதில், புத்தக ஆங்கிலம் இருந்தும் அவர்கள் பேச்சுப் பிடிபடாமல், குளிரில் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்கப் போகிறேன்.

நீ பாரிஸில் அப்படியொரு வாசலுக்குள் முதல் நாள் எப்படி நுழைந்தாய்? யார் உனக்கு வழி காட்டினார்கள்? இத்தனை வருடத்தில் ஒருதரமும் நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். ஆறுதலாக இருந்து எழுது.

உன்
யோகா